பழைய துண்டும் வலி மாத்திரையும்

(தோட்ட நலன்புரி நிலையத்தில் ஞாயிறு காலை நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்கணும், விறகுக்குப் போகணும், டவுனுக்குப் போகணும். அத்தனை வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைக்கு நான் பேசப் போவது வலி மாத்திரையைப் பற்றி. டொக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நாமாகவே மாதக் கணக்கில், வருடக் கணக்கில் போட்டுக்கொண்டே போனால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி.

நம்ம தோட்டத்தில் வலி இல்லாத காம்பரா எது, சொல்லுங்கள் பார்ப்போம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஏத்தத்தில் நின்று கொழுந்து எடுக்கிற அக்காவுக்குக் கழுத்தும் தோளும் வலி. கவ்வாத்து வெட்டுகிறவருக்குத் தோள்பட்டை வலி. முள்ளுக் குத்துகிறவருக்கும் கான் வெட்டுகிறவருக்கும் இடுப்பு வலி. ஸ்டோரில் நிற்கிறவருக்கு முழங்கால் வலி. மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அதனால் ஒரு மாத்திரையைப் போட்டு, சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போகிறோம். இதை ஒரு குற்றமாகச் சொல்ல நான் இங்கே வரவில்லை. குற்றம் என்றால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை இப்போது சொல்லப் போகிறேன்.

நம்ம தோட்டத்து அண்ணன் ஒருவருடைய கதை இது. பெயர் சொல்ல மாட்டேன். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். "என் பேரைச் சொல்லாதீங்க ஐயா, ஆனா விஷயத்தைச் சொல்லுங்க. நாலு பேருக்குப் புத்தி வரட்டும்" என்றார்.

அவர் கான் வெட்டப் போன இடத்தில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் பலத்த அடி. வைத்தியசாலையில் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு இல்லை. வலி கடுமையாக இருந்ததால் டிரமடோல் என்ற மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று 2 கிழமைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறுபடி கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். மாத்திரை போட்டதும் வலி ஓடிப் போய்விட்டது. வேலைக்கும் போய்விட்டார். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகுமே என்று போகவில்லை. துண்டு மட்டும் கையில் இருந்தது.

நான் சனிக்கிழமைகளில் டவுனுக்குப் போவேன் என்பது உங்களுக்குத் தெரியும். "ஐயா, இந்தத் துண்டுக்கு மருந்து வாங்கிட்டு வாங்க" என்று பலரும் தருவீர்கள். இந்த அண்ணனும் தந்தார். பாமசியிலும் பழைய துண்டைப் பார்த்து மருந்தைக் கொடுத்தார்கள். முதலில் 30 மாத்திரை. பிறகு "60 வாங்குங்க ஐயா, அடிக்கடி உங்களுக்குத் தொல்லை வேணாம்" என்றார். பிறகு 60 மாத்திரை இரண்டு கிழமைக்கும் போதவில்லை. இப்படி 8 மாதம் போனது. ஏன் இத்தனை மாத்திரை என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு உதவி செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அடைமழையில் ரோட்டில் மண் சரிந்து 3 நாள் டவுனுக்கு வண்டி போகவில்லை. அவரிடம் மாத்திரை தீர்ந்துவிட்டது. மறுநாளே கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கும் கண்ணும் ஒழுகியது. அந்தக் குளிரிலும் உடம்பெல்லாம் வியர்வை. தோல் புல்லரித்து நின்றது. வயிற்றுப்போக்கு. கால் நரம்பெல்லாம் இழுக்கிறது என்று இரவு முழுக்கத் தூங்காமல் இஸ்தோப்பில் நடந்துகொண்டிருந்தார். கண்ணில் கண்டவர் மேலெல்லாம் கோபம். விழுந்த நாளில் இருந்ததைவிட வலி கூட. வீட்டார் முதலில் காய்ச்சல் என்றார்கள். பிறகு காத்துக் கறுப்பு என்று கோடங்கியைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். ரோடு திறந்ததும் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் பார்த்தார். "வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் கொண்டு வாருங்கள்" என்றார். அவர் மனைவி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து கொட்டினார். அத்தனையும் வெறும் மாத்திரை அட்டை. ஒரு நாளைக்கு எத்தனை போட்டீர்கள் என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு "எட்டு, சில நாள் பத்து" என்றார் அண்ணன். "இதையெல்லாம் வாங்கிக் கொடுத்தது யார்?" என்று டொக்டர் கேட்டார்.

"நான்தான் டொக்டர்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்றைக்கு அந்த டொக்டர் என்னைத் திட்டவில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். அவர் சொன்னதையும் அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

வலி மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. முதலாவது, பெனடோல் என்று நாம் சொல்கிற பரசிட்டமோல். இரண்டாவது, டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்றவை. மூன்றாவது, டிரமடோல், கோடீன், மோர்பீன் போன்றவை. மூன்றாவது வகைதான் உடம்பைப் பழக்கப்படுத்திப் பிடித்துக்கொள்கிற வகை. மோர்பீன் என்பது அபின் செடியிலிருந்து எடுப்பது. கோடீன் உள்ளே போனதும் அதில் ஒரு பகுதியை ஈரல் மோர்பீனாகவே மாற்றுகிறது. டிரமடோல் மருந்துக் கம்பனியில் செய்வதுதான். ஆனால் மூளையில் அதே இடத்தில்தான் போய் வேலை செய்கிறது. நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரெகபலின் வேறு வகை மருந்து. ஆனால் அதற்கும் உடம்பு பழகிப் போகும்.

உடம்பு பழகுவது என்றால் என்ன? தூளியில் ஆட்டித் தூங்க வைத்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முதலில் லேசாக ஆட்டினாலே தூங்கும். போகப் போக வேகமாக ஆட்ட வேண்டும். ஒரு நாள் ஆட்டாவிட்டால் வீரிட்டு அழும். அது பிள்ளையின் குற்றமா? நாம் பழக்கிய பழக்கம். உடம்பும் அப்படித்தான். நம் உடம்புக்குள்ளேயே வலியை அடக்க இயற்கையாகச் சுரக்கும் பொருள் இருக்கிறது. வெளியிலிருந்து நாள் தவறாமல் மருந்து வந்தால், உடம்பு அதற்கு ஏற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொள்கிறது. நேற்று ஒரு மாத்திரைக்கு அடங்கிய வலிக்கு இன்று இரண்டு தேவைப்படுகிறது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அந்த அண்ணனுக்கு வந்ததெல்லாம் வருகிறது. சிலருக்கு இதைவிட மோசமாக, மருந்து கூடக் கூட உடம்பு வலியைக் கூடுதலாக உணரத் தொடங்கிவிடும். வலிக்காகப் போட்ட மாத்திரையே வலியை வளர்க்கும்.

இதிலே இரண்டு நிலை உண்டு. மருந்து இல்லாவிட்டால் உடம்பு துடிப்பது ஒன்று. டொக்டர் சொன்ன அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் நாளாக ஆக இது வரலாம். மற்றது, கெடுதி என்று தெரிந்தும் மனம் அதையே தேடுவது. கடன் வாங்கியாவது வாங்குவது, பொய் சொல்வது, ஒளித்து வைப்பது. இதைத்தான் அடிமையாதல் என்கிறோம். முதல் நிலையில் இருக்கிறவரைப் பார்த்து "குடுகாரன்" என்று பேசுவது பாவம். இரண்டாவது நிலையில் இருக்கிறவரும் நோயாளிதான். அவருக்கும் தேவை வைத்தியம்.

எத்தனை நாளில் இப்படி ஆகும் என்று கேட்பீர்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஆனால் நாள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. அமெரிக்காவில் 2017இல் வெளியான ஒரு கணக்கைச் சொல்கிறேன். முதல் தடவையிலேயே இந்த வகை மருந்தை 31 நாளோ அதற்கு மேலோ வாங்கியவர்களில், 100 பேருக்குச் சுமார் 30 பேர் ஒரு வருடத்துக்குப் பிறகும் அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்டில் 1996இல் ஒரு கம்பனி ஒக்ஸிகொன்டின் என்ற பலமான வலி மாத்திரையை விற்பனைக்கு விட்டது. பழக்கமாகும் ஆபத்து குறைவு என்று டொக்டர்மாருக்கே சொல்லி விற்றார்கள். அது உண்மையல்ல. 2007இலும் 2020இலும் அந்தக் கம்பனி தரப்பு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடுப்பு வலிக்கும் பல் வலிக்கும் மாத்திரை வாங்கத் தொடங்கிய பலர் பின்னர் ஹெரோயினுக்கும் அதைவிடக் கொடியதற்கும் போனார்கள். 2021ஆம் ஆண்டு மட்டும் இந்த வகை மருந்தாலும் போதைப்பொருளாலும் அங்கே இறந்தவர்கள் 80,000க்கு மேல். படித்த நாடு, பணக்கார நாடு. அங்கேயே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இன்னொன்று கேளுங்கள். நாட்பட்ட முதுகு வலி, மூட்டு வலி உள்ள 240 பேரை அதே நாட்டில் ஒரு வருடம் வைத்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு இந்தப் பலமான வகை. மற்றப் பாதிப் பேருக்குப் பரசிட்டமோல், இபுபுரூபன் போன்ற சாதாரண வகை. பலமான வகையை எடுத்தவர்களுக்கு வலி குறைவதிலோ அன்றாட வேலைகளைச் செய்வதிலோ கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. அப்படியென்றால் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வருடக் கணக்கில் இந்தப் பலமான மாத்திரையைப் போட்டு நாம் என்ன லாபம் காண்கிறோம்?

அதற்காக மற்ற இரண்டு வகையையும் கணக்கில்லாமல் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது. மீறினால் ஈரல் கெடும். குடிக்கிறவர்களும் உடம்பு மெலிந்தவர்களும் டொக்டரைக் கேட்டு அதிலும் குறைவாகவே எடுக்க வேண்டும். டைக்குளோபெனாக் வகையை நாட்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டால் குடலில் புண் வரும், இரத்தம் கசியும், சிறுநீரகம் பழுதாகும், பிரஷரும் கூடும். தலைவலிக்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பெனடோல் போடுகிறவருக்கு, நாளடைவில் மாத்திரையாலேயே தினமும் தலைவலி வரத் தொடங்கும். கோடீன், டிரமடோல் என்றால் மாதத்தில் 10 நாளே போதும். "காலையில ஒரு பெனடோல் போட்டாத்தான் மலைக்குப் போவேன்" என்கிற அக்காமார் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது உயிருக்கே ஆபத்தான விஷயம். சம்பள நாள் வருகிறது. சாராயமோ கசிப்போ உள்ளே போகிறது. உடம்பு வலிக்கு டிரமடோலும் போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு குறைந்து நின்றுவிடலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தாலும் இதே ஆபத்துதான். டிரமடோல் அளவு மீறினால் வலிப்பும் வரும். ஒருவர் எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, குறட்டை மாதிரிச் சத்தம் வந்து, உதடு நீலமாகி, கண்மணி ஊசி முனை மாதிரிச் சுருங்கி இருந்தால், "வெறி இறங்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து உடனே 1990க்குப் பேசுங்கள். அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. என்ன மாத்திரை போட்டார் என்பதையும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்று மருந்து உண்டு.

பால் கொடுக்கிற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கோடீனும் டிரமடோலும் தாய்ப்பாலில் போகும். குழந்தை மயங்கிக் கிடக்கும், பால் குடிக்காது, மூச்சும் திணறும். மருந்து எழுதும்போதே "பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன்" என்று டொக்டரிடம் சொல்லுங்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த மாத்திரைகளில் பாதியோ காலோ உடைத்துக் கொடுக்கவே கூடாது. கோடீன் கலந்த இருமல் பாணியும் கூடாது.

சரி, நமக்குப் பழகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்களையே நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, அதே வலிக்கு முன்னைவிடக் கூடுதலாகப் போடுகிறேனா?
இரண்டாவது, ஒரு வேளை தவறினால் வியர்வை, நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை வருகிறதா?
மூன்றாவது, வலி இல்லாத நாளிலும் போடுகிறேனா?
நான்காவது, எத்தனை போடுகிறேன் என்பதை வீட்டாரிடம் மறைக்கிறேனா?
ஐந்தாவது, பழைய துண்டில், அல்லது பக்கத்துக் காம்பராக்காரரின் துண்டில் மருந்து வாங்குகிறேனா?

இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் பயப்பட வேண்டாம். ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். நேராக டொக்டரிடம் போங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளைக் கொண்டு போங்கள். போடுகிற கணக்கைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பத்து என்றால் பத்து என்று சொல்லுங்கள். கணக்கைக் குறைத்துச் சொன்னால் வைத்தியமும் பிழைக்கும்.

முக்கியமாக, இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை எடுத்துக் கானில் எறிந்துவிடாதீர்கள். கணவனுடைய மாத்திரையை மனைவி ஒளித்து வைக்கவும் வேண்டாம். மாதக் கணக்கில் போட்ட மருந்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. டொக்டர் ஒரு கணக்குப் போட்டுத் தருவார். கொஞ்சம் கொஞ்சமாக, உடம்பு தாங்குகிற அளவில் குறைத்துக்கொண்டு வர வேண்டும். நம்ம அண்ணனுக்கு 3 மாதத்துக்கு மேல் எடுத்தது. இடையில் ஒரு தடவை மறுபடி கூட்டிப் போட்டுவிட்டார். அதையும் டொக்டரிடம் சொன்னார். டொக்டர் கணக்கை மாற்றிக் கொடுத்தார். அந்த நாட்களில் மாத்திரையை எண்ணிக் கொடுத்தது அவருடைய மனைவி. ஒரு நாளும் ஏசவில்லை. "இன்னைக்கு அஞ்சு, அடுத்த கெழம நாலு" என்று கலண்டரில் எழுதி வைத்தார். ஆள் தப்பியதற்குப் பாதிக் காரணம் அந்தக் கலண்டர் என்று நான் சொல்வேன்.

அப்படியானால் வலிக்கு என்ன வழி? வலி இருக்கத்தானே செய்கிறது! உண்மைதான். அண்ணனுக்கும் இன்றும் இடுப்பு வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த தேகப் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறார். சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கிறார். ஒரேயடியாகப் படுத்துக் கிடக்காமல் நடக்கிறார். டொக்டரிடம் கடிதம் வாங்கி, தலைவர் மூலமாகத் துரையிடம் பேசிப் பாரம் தூக்காத வேலை கேட்டோம், கிடைத்தது. உங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், நானும் கூட வந்து பேசுகிறேன். வேலைத்தலத்தில் விழுந்தால், அடிபட்டால், அன்றைக்கே சொல்லிப் பதிந்துவிடுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டில் இருக்கிறது. பதியாத விபத்துக்கு நட்டஈடு கேட்பது பெரும் பாடு. விபத்தை மறைத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவதால் கெடுவது உங்கள் உடம்பும் உங்கள் உரிமையும்தான்.

வீட்டில் மிச்சம் கிடக்கிற வலி மாத்திரையை யாருக்கும் தானம் செய்யாதீர்கள். டிஸ்பென்சரியில் கொண்டு போய்க் கொடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இளவட்டங்கள் சிலர் இந்த மாத்திரைகளைப் போதைக்காகத் தேடுவதும் நமக்குத் தெரியாததல்ல. அப்படிப் பிள்ளை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அடித்து விரட்டாதீர்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கு 1927 என்ற இலக்கத்தில் பேசலாம்.

முடிக்கும் முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, புற்றுநோயால் படுக்கையில் கிடக்கிற தாய்க்கோ தகப்பனுக்கோ ஆஸ்பத்திரியில் கொடுத்த மோர்பீனை நிறுத்திவிடாதீர்கள். "பழகிப் போயிடும்" என்று பயந்து அந்த மருந்தை ஒளித்து வைக்கிற வீடுகள் உண்டு. அந்த நோய்க்கு அந்த மருந்து தேவை. டொக்டர் சொன்ன அளவில் நேரம் தவறாமல் கொடுங்கள். கடைசிக் காலத்தில் ஒரு உயிர் வலியில்லாமல் இருப்பது நாம் செய்கிற புண்ணியம்.

என் பங்குக்கு நான் உங்கள் முன்னால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமை டவுனுக்குப் போகும்போது வழக்கம் போல உங்கள் துண்டுகளை வாங்கிக்கொள்வேன். ஆனால் திகதியைப் பார்ப்பேன். பழைய துண்டாக இருந்தால் வாங்க மாட்டேன். "என்ன ஐயா, இப்படி மாறிட்டீங்க" என்று கோபிக்காதீர்கள். அதற்குப் பதிலாக, கிளினிக் நாளில் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் வருகிறேன். அன்றைக்கு அந்த டொக்டர் கேட்ட கேள்விக்கு இன்னொரு தடவை "நான்தான்" என்று பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை.

நம்ம அண்ணன் இன்று இங்கேதான் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று தேடாதீர்கள். அவர் மாதிரி இன்னும் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்த பிறகு என்னிடமோ டிஸ்பென்சரியிலோ தனியாக வந்து பேசுங்கள். உங்கள் விஷயம் வெளியே போகாது.